ஒரிஜினலைத் தொடக் கூடாது

மவுசையே நம்பி வேலை செய்கிறவனுக்குப் பொழுது போதாது ஐயா. போட்டோ திருத்துகிறவனின் இடது கை கீபோர்டை விட்டு எழவே கூடாது. நடந்ததை ஒன்று விடாமல் வாக்குமூலமாக எழுதித் தரச் சொன்னீர்கள். எனக்கு எதையும் வரிசையாகச் சொல்லித்தான் பழக்கம். அதனால் வேலையிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் உட்காருவது ஸ்டுடியோவின் பின்னறையில். ஜன்னல் உண்டு, திரையில் வெளிச்சம் விழக் கூடாது என்று அட்டை வைத்து அடைத்திருக்கிறோம். மாப்பிள்ளையின் தொப்பையைக் குறைப்பது, குடும்பப் படத்தில் கண் மூடியவருக்கு வேறு படத்துக் கண்ணைப் பொருத்துவது, இப்படிப்பட்ட வேலைகள். முதலாளி எப்போதாவது எட்டிப் பார்த்து, "என்னப்பா, உயிரோட இருக்கியா? சத்தமே காணோம்" என்பார். பதிலுக்கு நிற்க மாட்டார்.

நேரத்தை மிச்சம் பிடிக்க இரண்டு வழிகளை விடாமல் கடைப்பிடிக்கிறேன். ஒன்று, ஒரிஜினலைத் தொடக் கூடாது. அதன்மேல் ஒரு லேயரை விரித்து அதில்தான் திருத்த வேண்டும். கண்ணாடித்தாள் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பிடிக்கவில்லை என்றால் லேயரை அணைத்துவிடலாம். அடியில் இருப்பது அப்படியே இருக்கும். மற்றது எண் விசைகள். ஒன்றை அழுத்தினால் மேல் லேயர் பத்தில் ஒரு பங்கு தெரியும். ஐந்து என்றால் பாதி. பூஜ்யத்தை அழுத்தினால் முழுதாகத் தெரியும். புதிதாக வருகிறவர்கள் இதில் ஏமாறுவார்கள். பூஜ்யம் என்றால் ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொள்வார்கள்.

அந்தத் தையல்காரப் பெண் மழை தொடங்கிய சமயத்தில் வந்தாள். அவளுடைய அண்ணன் வீட்டை விட்டு எங்கோ போய்விட்டார். மனம் சரியில்லாதவர். மாத்திரை நின்றால் வலிப்பு வரும். பெயர் கேட்டால் சொல்லத் தெரியாது. இருந்தது ஒரே படம், அடையாள அட்டையில் இருந்தது. அதைப் பெரிதாக்கிக் 'காணவில்லை' போஸ்டர் அடிக்க வேண்டும்.

"கண்ணு மட்டும் தெளிவா வந்தாப் போதும்ணா. அந்தக் கண்ணை ஒரு தடவை பாத்தவங்க மறக்க மாட்டாங்க."

"உக்காரும்மா, இப்பவே பண்ணித் தர்றேன்" என்றேன். பின்னறையில் இன்னொரு நாற்காலி கிடையாது. முன்பக்கத்திலிருந்து தூக்கி வந்தேன். அது பிறகு திரும்பிப் போகவில்லை.

முதல் போஸ்டரில் எந்தத் தவறும் இல்லை. மழையில் ஊறிக் கிழியக் கிழிய, புதிதாக அடித்துக்கொண்டு போக வருவாள். பக்கத்தில் உட்கார்ந்து, அண்ணன் சோற்றைத் தட்டின் ஓரத்தில் சுவர் மாதிரி கட்டிவிட்டுத்தான் சாப்பிடுவான் என்று சொல்லிச் சிரிப்பாள். சொல்லிக்கொண்டே வந்து சட்டென்று, "நீங்க சாப்டீங்களாண்ணா?" என்பாள்.

ஒரு நாள் ஓட்டமாக வந்தாள். "பஸ் ஸ்டாண்டுகிட்ட பாத்ததா ஒருத்தர் போன் பண்ணாருண்ணா! கிடைச்சுட்டான்னா உங்களுக்கும் என் தொல்லை விட்டுது."

"அப்போ அந்தப் பக்கமும் நல்லா ஒட்டிருவோம். நாளைக்கு வந்து வாங்கிக்கோ" என்றேன்.

அவள் போன பிறகு சுவரோரம் நின்று என்னை நானே படம் எடுத்தேன். அதை அவள் அண்ணனின் முகத்தின் மேல் விரித்து, கண்ணுக்குக் கண், வாய்க்கு வாய் சரியாகப் பொருத்தினேன். அதற்குத்தான் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு ஒரே எண் விசை. இரண்டு.

அடுத்தடுத்த முறைகளில் எண்ணைக் கூட்டிக்கொண்டே போனேன். பாதியைத் தொட்டபோது அவள் போஸ்டரைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"அவன் மூக்கு இவ்ளோ நீளமாண்ணா?"

"பெருசாக்கினா அப்படித்தாம்மா தெரியும்."

"நீங்க சொன்னா சரிதான். இதையே பாத்துப் பாத்து அவன் மொகமே எனக்கு மறந்துட்டு வருது."

அவளுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன்.

போன் வருவது நின்றுவிட்டது. அவள் வருவது கூடியது. கடைசியில் பூஜ்யத்தை அழுத்தினேன். நான் தேநீர் குடிக்கும் கடையின் சுவரிலும் ஒன்று ஒட்டினாள். அதற்கு நேர் கீழேதான் தினமும் நிற்பேன். கடைக்காரர் என் கையில் கோப்பையைக் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்து, "பாவம், யாரு பெத்த புள்ளையோ" என்றார். என்னைப் பார்க்கவில்லை. 'கண்டவர்கள் உடனே தெரிவிக்கவும்' என்று என் முகத்துக்குக் கீழே இருந்தது. அதைப் படிப்பதற்காகவே சுற்றுவழியில் வீட்டுக்குப் போனதுண்டு.

அவளுடைய அண்ணன் மருத்துவமனையில் கிடந்தார், அந்த வார்டுக் கதவிலேயே போஸ்டர் இருந்தது என்பதெல்லாம் நீங்கள் சொல்லித்தான் தெரியும். நர்ஸ் இரண்டு முகங்களையும் ஒப்பிட்டு, "இவர் இல்லை" என்றாராம். அவர்மீது குற்றம் சொல்ல முடியாது, சரியாகத்தான் பார்த்திருக்கிறார். அண்ணன் கேட்பாரில்லாமல் இறந்த பிறகு, பிணவறையில் தங்கையும் முகத்தைப் பார்த்து முதலில் இல்லை என்றாளாம். சட்டையில் அவளே போட்ட தையலைப் பார்த்துத்தான் உட்கார்ந்துவிட்டாளாம்.

அதன் பிறகு நீங்கள் ஸ்டுடியோவுக்கு வந்தீர்கள். போஸ்டரை என் கன்னத்தோரம் பிடித்துப் பார்த்து, "இது நீதானே?" என்று கேட்டீர்கள். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் ஐயா, அந்த நேரம் எனக்கு மனம் நிறைந்திருந்தது. உடனே ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

தங்கச்சியிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள். அழ வேண்டாம் என்று சொல்லுங்கள். அவளுடைய நாற்காலி அங்கேயேதான் இருக்கிறது, கோப்பும் பத்திரமாக இருக்கிறது. மேல் லேயரை அணைத்தால் அவளுடைய அண்ணன் அப்படியே இருப்பார். ஒரிஜினலை நான் தொடவே இல்லை.