சொட்டு பரவியது

எனக்கு அவசரப்படத் தெரியாது, சார். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சொட்டுத் தண்ணீரை முப்பது நொடி பார்ப்பதுதான் என் உத்தியோகம். இருபத்திரண்டு வருடம் பார்த்தேன். "மழ பேஞ்சா உங்களுக்கு ஓவர்டைமா?" என்று என் மனைவி வித்யா கிண்டல் செய்வாள்.

நாங்கள் செய்வது மெல்லிய பிளாஸ்டிக் ஷீட். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு டயாலிசிஸ் செய்யும்போது ஃபில்டருக்குள் ரத்தம் அதன் மேல்தான் ஓடுகிறது. இயல்பிலேயே அந்த ஷீட்டுக்குத் தண்ணீர் ஆகாது. அப்படியே விட்டால் ரத்தம் ஒட்டி உறைந்துவிடும். அதனால் ஓர் இரும்புப் பெட்டிக்குள் வைத்து, காற்றை உறிஞ்சியெடுத்து, கொஞ்சம் ஆக்சிஜன் விட்டு மின்சாரம் கொடுப்போம். உள்ளே வெளிர் நீலமாக ஓர் ஒளி எழும். அதைத்தான் பிளாஸ்மா என்கிறோம். அது பட்டதும் ஷீட்டின் மேல்தோல் மட்டும் குணம் மாறித் தண்ணீரோடு ஒட்டிப் பழகும். அப்புறம் ஒவ்வொரு ரோலிலும் ஒரு துண்டு வெட்டி நான் ஒரு சொட்டு விடுவேன். பரவினால் பாஸ். முத்து மாதிரி நின்றால் ரோல் மறுபடி பெட்டிக்குள் போகும்.

அது அரை நாள் வேலைதான். ஆனால் அதற்கென்று ஒரு சிவப்புப் படிவம் இருக்கிறது. என்ன காரணம், யார் காரணம் என்று எழுத வேண்டும். அதில் என் பெயர் ஒருநாளும் ஏறியதில்லை. ஜனவரியில் எனக்கு ஓய்வு. படிவத்தில் பெயரே ஏறாததைச் சொல்லி ஒரு கேடயம் கொடுப்பதாக மேனேஜர் ஹேமநாதன் வாக்குக் கொடுத்திருந்தார்.

அது எனக்குக் கடைசி ஆயுத பூஜை. வருடா வருடம் பெட்டியின் வெளியேதான் சந்தனம், குங்குமம் வைப்போம். உள்ளே கைபடக் கூடாது என்று போர்டே மாட்டியிருக்கிறது. எனக்கு மனசு கேட்கவில்லை. இத்தனை வருடம் சோறு போட்ட இயந்திரம். கதவின் உள்பக்கம், ரப்பர் வளையத்தின் மேல் மூன்று பொட்டு வைத்தேன். பிறகு வாசலில் பூசணிக்காய் உடைத்துவிட்டு எல்லோரோடும் பொரி தின்றேன்.

லீவு முடிந்து வந்து பெட்டியை ஓட்டினார்கள். சந்தனம் காய்ந்து கட்டியாகியிருந்ததால் கதவு சரியாகப் பொருந்தவில்லை. காற்று கசிந்து ஒளி ரோஜா நிறத்தில் வந்தது. நான் கவனிப்பதற்குள் ஆறு ரோல் போய்விட்டது. வளையத்தைத் துடைத்தேன், ஒளி சரியானது. ஆனால் அந்த ஆறிலும் சொட்டு முத்தாகவே நின்றது.

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சறுக்கிய யானையின் பெயரை யாரும் சிவப்புப் படிவத்தில் எழுதுவதில்லை. மேசையில் ஸ்பிரிட் இருந்தது. ஆறு துண்டுகளையும் அதில் துடைத்தேன். சொட்டு பரவியது. ஸ்பிரிட் பட்டால் எந்த ஷீட்டிலும் பரவும்.

சோதனைக்குச் சாட்சிக் கையெழுத்து ஒன்று வேண்டும். பேக்கிங்கில் இருக்கும் மஹ்ஜபீனைக் கூப்பிட்டேன். நல்ல பெண். பூந்தமல்லியில் எங்களுக்குப் பக்கத்துத் தெரு.

"நல்லா பரவுது சார்," என்றாள். "இந்த லாட்டு எங்கத்தா போற சென்டருக்குத்தான் போவுது. நீங்க பாத்துட்டீங்கன்னா எனுக்கு நிம்மதி." கையெழுத்துப் போட்டாள்.

அவள் அப்பா பஷீருதீனுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். நாளைக்கு அரை லிட்டர்தான் தண்ணீர் குடிக்கலாம் என்பதால் மடக்கு எண்ணிக் குடிப்பார். நானும் சொட்டு எண்ணுகிறவன். அதனாலேயே எங்களுக்குள் ஓர் ஒட்டுதல். மஹ்ஜபீனுக்குக் காலை ஷிப்ட் வந்தால் என் ஸ்கூட்டரில்தான் அவரை அழைத்துப் போவேன். அந்த ஆறு ரோல் போய் ஒரு மாதம் கழித்து, ஒரு வியாழக்கிழமையும் நான்தான் அழைத்துப் போனேன்.

நர்ஸ் புது ஃபில்டரைப் பிரித்தார். அட்டையில் எங்கள் ரோல் எண் இருந்தது. ஆறில் ஒன்று. வேறு போடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். ஏன் என்று அவர் கேட்பார். பதில் சொல்ல வேண்டும். அந்த நேரம் பார்த்து பஷீருதீன், "உங்க கைல பாஸான ஜாமான், இன்னா பயம் அண்ணாத்தே," என்று சிரித்தார். அவர் நம்பிக்கையைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாவது மணி நேரத்தில் ஃபில்டருக்குள் ரத்தம் உறைந்தது. உள்ளே போன ரத்தத்தைத் திருப்பி ஏற்ற முடியவில்லை. ஏற்கெனவே பலவீனமான உடம்பு. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன், கடைசிவரை. அந்த வாரம் அதே லாட்டால் இன்னும் இரண்டு பேர் போனார்கள். அவர்களை எனக்குப் பழக்கமில்லை.

மய்யத்து அடக்கத்துக்குப் போனேன். மஹ்ஜபீன் அழுதுகொண்டே, "நீங்களாவது கூட இருந்தீங்களே சார்," என்றாள். எனக்கும் அழுகை வந்தது. பொய் அழுகை இல்லை.

இத்தனை நாள் கழித்து ஏன் ஸ்டேஷனுக்கு வந்தேன் என்று கேட்கிறீர்கள். போன வாரம் அந்தச் சாவுகளை விசாரித்த கமிட்டியின் அறிக்கை வந்தது. சாட்சி கவனக்குறைவாகக் கையெழுத்திட்டதாக எழுதி மஹ்ஜபீனை வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள். பாவம்தான். அதையாவது பொறுத்துக்கொண்டேன். அடுத்த வரியில், சோதனை செய்தவருக்கு வயது காரணமாகப் பார்வை மங்கியிருக்கலாம் என்று போட்டிருக்கிறார்கள்.

துடைத்தது நான். தெரிந்தே அனுப்பியது நான். தெரிந்தே பக்கத்தில் உட்கார்ந்திருந்ததும் நான். எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். பார்வை மங்கல் என்ற வரியை மட்டும் அடிக்கச் சொல்லுங்கள் சார். வேண்டுமானால் சிவப்புப் படிவங்களை வரவழைத்துப் பாருங்கள். இன்றுவரை என் பெயர் ஒன்றில்கூட இல்லை.