அச்சுக்குள்ள மாட்டின கூடு

இல்ல தம்பி, சுத்தியால தட்டினா வராது. தட்டத் தட்ட இன்னும் இறுகிக்கும். யாரோ ஏற்கெனவே ரெண்டு போடு போட்டிருக்காங்க, ஓரம் நசுங்கியிருக்கு பாருங்க. இங்க குடுங்க. ஷூவ வாசப்படிகிட்டயே விட்டுட்டு வாங்க, கீழ பாய்லர் ரூமுக்குப் போவோம். தலையக் குனிஞ்சு, அந்தக் குழாய் இடிக்கும்.

இதெல்லாம் ரூனேவோட சாமான். என் வீட்டுக்காரரு. மார்ச் மாசம் போயிட்டாரு. கூரையில பனி தள்ளிக்கிட்டு இருந்தவரு, ஏணியில எறங்கி வந்து, நெஞ்ச அடைக்குது குன்வோர்னு என்னக் கூப்புட்டாரு. அவ்வளவுதான். பரவால்ல, நீங்க புதுசா வந்தவரு, உங்களுக்கு எப்படித் தெரியும். ஒக்காருங்க.

பாருங்க, சுட்ட தோட்டாவோட பித்தளக் கூடு கொஞ்சம் உப்பிப் போகும். அதப் பழைய அளவுக்குக் கொண்டாரத்தான் இந்த இரும்பு அச்சு. பிரஸ்ல மாட்டி கைப்பிடிய அமுக்கினா, கூடு உள்ள போயிட்டு சரியான அளவுல வெளிய வந்துரணும். வரணும்னா மேல கொழுப்பு தடவியிருக்கணும். இதுல துளி கூட இல்ல. வெறும் பித்தள. அமுக்கும்போதே கீச்சுன்னு கத்தியிருக்குமே? தெரியலையா? சரி, சரி.

கால் மணி நேர வேலதான். நடுக்கம்பியக் கழட்டிட்டு, கூட்டோட அடியில ட்ரில் போட்டு, மரை வெட்டி, போல்ட்ட விட்டு முறுக்கினா பல்லுப் புடுங்கற மாதிரி வந்துரும். அந்த லைட்ட இப்படித் திருப்புங்க. ம்.

கொழுப்பு இதோ, இந்த டப்பா. ஆட்டு ரோமத்துலேர்ந்து எடுக்கறது. மாட்டு மடி வெடிச்சாப் போடுவாங்களே, அதேதான். வெரல் நுனியில தொட்டும் தொடாமலும் எடுத்து, கூட்ட உருட்டணும். கொறஞ்சா இப்படி மாட்டிக்கும். கூடப் போனா கூட்டோட தோள்ல, மேல ஒடுங்குற எடத்துல, குழி விழுந்துரும். கொழுப்பு தடவறது என் பங்கு. அவரு கை சொரசொரப்பு, அளவு தெரியாது. நான் தடவி, அச்சுல விட்டு எடுத்து, கழுவிக் காய வச்சுக் குடுப்பேன். கேப்பு, வெடிமருந்து, குண்டு எல்லாம் அவரு. முப்பத்தோரு வருஷம் இந்த பெஞ்சுலதான். பேச்சே இருக்காது. எனக்கு அது புடிக்கும்.

கழுவறது எதுக்கா? நல்லாக் கேட்டீங்க. அடியில சின்னதா ஒரு கேப்பு இருக்கு, அதுலதான் தீப்பொறி பொறக்குது. கொழுப்போ எண்ணையோ பட்டா அது செத்துரும். மருந்தும் நமுத்துப் போயிரும். ட்ரிக்கர இழுத்தா டிக்குங்கும். வேற ஒண்ணும் நடக்காது.

ஆமா. கரடி வெவகாரம் அதுதான். ஊர்ல சொல்லியிருப்பாங்கன்னு நெனச்சேன். சொல்லிட்டாங்கல்ல, பரவால்ல, மூஞ்சியத் திருப்ப வேணாம்.

ரெண்டு வருஷம் ஆச்சு. ஆகஸ்டு, கரடி வேட்டையோட மொத நாளு. எங்கண்ணன் இங்வார் விடிஞ்சதும் நாயோட வந்து நின்னான். தோட்டாப் பெட்டிய ஏரிக்கரக் குடிசையிலயே மறந்துட்டானாம். அவனுக்கும் ரூனேவுக்கும் ஒரே அளவுத் துப்பாக்கிதான், எங்க வீட்டுப் பெட்டி ஒண்ணக் குடுத்தோம். பத்து மணிக்கெல்லாம் நாய் ஒரு பாறச் சந்துல கரடிய மடக்கிருச்சு. அண்ணன் சுட்டான். வயித்துல பட்டுருச்சு. ரெண்டாவது தோட்டாவ ஏத்தினான். கரடி திரும்பி அவன் மேல வருது. இழுத்தான். டிக்.

மூணாவது ஏத்த விடல அது. ரூனே மேட்டுலேர்ந்து ஓடி வந்து சுட்டுத் தள்றதுக்குள்ள எடது கையில மூணு வெரல் போச்சு, ஒரு கண்ணும் போச்சு. ஹெலிகாப்டர் வந்து தூக்கிட்டுப் போச்சு. பதினோரு வாரம் ஆஸ்பத்திரியில கெடந்தான்.

இந்த ஸ்பேனரக் கொஞ்சம் புடிங்க. ஆடாம.

போலீசு மிச்சத் தோட்டாவ எடுத்துட்டுப் போயி பிரிச்சுப் பாத்தாங்க. அஞ்சாறுல உள்ள எண்ண. யாரு செஞ்சதுன்னு கேட்டாங்க. நான்தான், என் பெட்டிதான்னு ரூனே சொன்னாரு. விபத்துன்னு எழுதி முடிச்சுட்டாங்க. அவங்க முடிச்சாங்க, ஊரு முடிக்கல. பத்தொம்போது வருஷம் வேட்டக் குழுவுக்குத் தலைவரா இருந்தவரு, அவராவே வெலகிட்டாரு. அந்த வருஷம் எல்க் மானு வெட்டற கொட்டாய்க்குப் போனாரு, ஒருத்தரும் நகந்து எடம் விடல. அண்ணன் ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்ததும் பாக்கப் போனாரு. நீ என் கண்ணத் தின்னுட்டடான்னான். அதுக்கு மேல அவன் பேசல. சாவுக்கும் வரல. பூ வளையம் அனுப்பினான், அட்டையில என் பேரு மட்டும் போட்டு.

அதனாலதான் கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க. எங்கண்ணன் அந்தக் கையோட தோட்டா செய்ய ஆரம்பிச்சது எப்ப?

பொய் சொல்லாதீங்க தம்பி, உங்களுக்கு வரல. அந்த அச்சு எங்கப்பாவோடது, அண்ணன்கிட்ட இருந்தது. வாசல்ல நிக்கிற வெள்ளக் காரு வீட்டுக்கு வீடு போயி வயசானவங்களப் பாத்துக்கறவங்க காரு, கதவுலயே எழுதியிருக்கு. கீச்சுன்னு கத்துச்சான்னு கேட்டதுக்கு முழிச்சீங்க. என் பேரச் சொல்லாத, உன்னோடதுன்னு சொல்லு, அவ எடுத்துத் தருவான்னு சொல்லி அனுப்பினானா? ம். அவனேதான். கடையில வாங்கின தோட்டாவ நம்ப மாட்டான், அடுத்தவன் செஞ்சத நம்பவே மாட்டான். கொழுப்பு டப்பாவத் தொடக் கூட பயம். சொட்டுக் கூட வேணாம்னு வெறுங்கூடாவே விட்டு அமுக்கியிருக்கான். எப்படி வரும்.

இந்தா, வந்துருச்சு பாருங்க. டப்புன்னு ஒரு சத்தம், கேட்டீங்களா? அச்சுல கீறல் இல்ல. தொடச்சுத் தர்றேன்.

அந்தத் தோட்டாவுல இருந்தது மெஷின் எண்ண தம்பி. போலீசு எண்ணன்னுதான் எழுதினாங்க, என்ன எண்ணன்னு எழுதல. தையல் மெஷினுக்குப் போடறது. அந்த பிப்ரவரியில கொழுப்பு டப்பா காலியாயிருச்சு, ஸ்வேக் டவுனுக்குப் போற ரோடு பனியில மூடிக் கெடந்துச்சு. இருவது கூடுதானேன்னு மேல மெஷின் டிராயர்லேர்ந்து எண்ணைய எடுத்துட்டு வந்தேன். அது தண்ணி மாதிரி, எங்க வேணா எறங்கிரும். கண்டிப்பாக் கழுவணும். கழுவத்தான் வச்சிருந்தேன். பொண்ணு போன் பண்ணினா, மேல போயிப் பேசினேன், பேச்சு நீண்டு போச்சு. திரும்ப வந்தா ரூனே கூடு இருந்த தட்ட எடுத்து வச்சு மருந்து போட்டுக்கிட்டு இருக்காரு.

இல்ல இல்ல. எனக்காகப் பழிய ஏத்துக்கிட்டாருன்னு நெனைக்கிறீங்க. உங்க மூஞ்சியில தெரியுது. அப்படி இருந்தா எனக்குக் கொஞ்சம் ஆறுதலா இருந்திருக்கும். அவருக்குத் தெரியாது. என்னப் பாத்ததும், கழுவிட்டேல்லன்னாரு. கழுவிட்டேன்னேன்.

ஏன்னு கேட்டா என்ன சொல்றது. அன்னிக்குக் காலையிலதான், நீ எதையும் முழுசா முடிக்க மாட்டேன்னு சொல்லிக் காட்டியிருந்தாரு. அதுதான். வேற ஒண்ணும் இல்ல. அப்பறமா அந்தப் பெட்டிய எடுத்துத் தனியா வச்சுருவோம்னு நெனச்சேன். ஆறு மாசம் இருந்துச்சு. அண்ணன் வந்து நின்னப்ப ரூனே அலமாரியத் தெறந்து எடுத்துக் குடுத்தது அந்தப் பெட்டி. மூடியில நான் எழுதின தேதி. நான் அடுப்புகிட்ட நின்னு தெர்மாஸ்ல காப்பி ஊத்திக்கிட்டு இருந்தேன். பாத்தேன். கழுவலன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தாப் போதும். ஆனா அண்ணன் முன்னாடி, ரூனே முன்னாடி, பொய் சொன்னேன்னு ஒத்துக்கணும். எண்ண என்ன பண்ணிடப் போவுதுன்னு தெர்மாஸ் மூடியத் திருகினேன்.

அதுக்கப்பறம் ஒண்ணர வருஷம் அவரு இந்த ஸ்டூல்ல ஒக்காந்து, நான் எங்க தப்புப் பண்ணேன் குன்வோர், உனக்கு ஏதாச்சும் தோணுதான்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு. மருந்து டப்பாவயா, தராசயான்னு ஒவ்வொண்ணாப் பிரிச்சுப் பாத்தாரு. சாப்புட வாங்கன்னு கூப்புடுவேன். வந்து சாப்புடுவாரு.

வேணாம், நீங்க போயிச் சொல்ல வேணாம், அது உங்க வேல இல்ல. அச்சு என்கிட்டயே இருக்கட்டும், அண்ணன்கிட்ட நானே குடுக்கறேன். அந்தக் கொழுப்பு டப்பாவயும் எடுத்துக்கிறேன். நீங்க மேல போயி வண்டிய ஸ்டார்ட் பண்ணுங்க, பக்கத்து சீட்டுல ஏதாச்சும் இருந்தா பின்னால தூக்கிப் போடுங்க. நான் கோட்டு மாட்டிக்கிட்டு வந்துர்றேன்.