ரெடிமேட் ஹீரோ

"தைக்கத் தெரியாதவன் எல்லாம் என்னக்கா ஹீரோ?"

பெங்களூர் பொம்மனஹள்ளியில் பஸ் ஏறி என் முன் சீட்டில் உட்கார்ந்த இரண்டு பெண்களில் சின்னவள்தான் இப்படிக் கேட்டாள். இருவர் கழுத்திலும் ஒரே கார்மென்ட்ஸ் கம்பெனியின் அடையாள அட்டை.

"நேத்து பாத்தியே, அந்த சூப்பர் ஹீரோ படமா?" என்றாள் பெரியவள்.

"அதேதான். அவன் எப்படி ஹீரோ ஆனான்னு முதல்லேர்ந்து மறுபடி எடுத்திருக்காங்க. பழைய படத்துல அந்த டிரெஸ்ஸ ரூமுக்குள்ள உக்காந்து அவனே தெச்சுக்குவான். விரல்ல ஊசி குத்தும். அந்த சீனுக்காகவே நாலு வாட்டி பாத்தேன். இதுல எவனோ பணக்காரன் பெட்டில வெச்சு ரெடிமேடா குடுக்கறான்."

"நாமளும் ரெடிமேட்தானேடி தைக்கறோம்?"

கண்டக்டர் "முந்தே ஹோகி" என்று கன்னடத்தில் கத்திக்கொண்டிருந்தார். முன்னால் போக யாருக்கும் இடமில்லை.

பஸ் மேம்பாலம் ஏறியதும் சின்னவள் மறுபடி ஆரம்பித்தாள்.

"அவன் மேல ஒரு பில்டிங்கே இடிஞ்சு விழுதுக்கா. ஒரு தையல் பிரியல. யார் தெச்சதுன்னு படத்துல ஒருத்தனாவது கேட்டானா?"

"பிரிஞ்சிருந்தா கேட்டிருப்பானுங்க."