கெட்டிமேளத்துக்கு ஒரு புளூடூத் ஸ்பீக்கர்

சமையலறையில் பாட்டு கேட்டுக்கொண்டே வெங்காயம் உரிக்க புளூடூத் ஸ்பீக்கரைவிட வசதியான பொருள் கிடையாது. என் கடைக்கு வருகிறவர்களிடம் இப்படிச் சொல்லித்தான் விற்கிறேன். லேப்டாப் வைத்து மேடையில் நேரடியாக வாசிக்கிறவர்கள் மட்டும் அதைத் தொடக்கூடாது. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் எடுத்து வந்தேன், மாமா.

மண்டபத்து ஸ்டோர் ரூமில் காய்கறி மூட்டைகளுக்கு நடுவே உட்காரவைத்துக் கேட்கிறீர்கள். மாப்பிள்ளை வீட்டாரும் வாசலில் நிற்கிறார்கள். அவர்களுக்கும் புரிகிற மாதிரி சொல்கிறேன். என் பெயர் சிவசங்கர். செஞ்சி கடைத்தெருவில் மொபைல் சாமான் கடை வைத்திருக்கிறேன். இன்று காலை கல்யாணமான பிரீத்தி உங்கள் மகள், எனக்குத் தாய்மாமன் மகள், என்னோடு ஒரே வகுப்பில் படித்தவள். நாலு வருஷமாக இரண்டு பேரும் சேர்ந்து மியூசிக் பண்ணுகிறோம். அவள் பாட்டை உருவாக்குவாள், லேப்டாப்பில் ஏற்றுவாள், மேடையில் வாசிப்பாள். நான் சாமான் தேர்ந்தெடுப்பேன். ஆளுக்குப் பாதி வேலை.

சாமானைச் சாதாரணமாக நினைக்கிறார்கள். லேப்டாப்பிலிருந்து நேராக ஆம்பிளிஃபயருக்கு ஒயர் போட்டால் உள்ளே வண்டு புகுந்த மாதிரி இரையும். நடுவில் சவுண்ட் கார்டு என்று தனியாக ஒரு பெட்டி வேண்டும். பேட் என்கிற தட்டுப்பலகையை விரலால் தட்டியதும் சத்தம் வந்துவிட வேண்டும், அதற்கும் அந்தப் பெட்டிதான் உதவும். வல்லத்தில் நிலக்கடலை உடைக்கிற மிஷினின் சத்தத்தைப் பதிவு செய்து பிரீத்தி ஒரு தாளம் செய்தாள். ஒரு மஞ்சள் நீராட்டு விழாவில் அதை வாசித்தபோது மிஷின்காரரே எழுந்து ஆடினார். ஊரே அவளைப் பாராட்டியது. லூசாக இருந்த ஒயரைக் கடைசிவரை கையில் பிடித்துக்கொண்டிருந்தவனை யாரும் கேட்கவில்லை, நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளை ஹரிகிருஷ்ணன் எங்கள் சாமான்களைச் சுற்றிவந்து பார்த்தார். "இத்தயெல்லாம் ஒரு பென்டிரைவ்ல போட்டு உட்டா ஆவாதா? இன்னாத்துக்கு இவ்ளோ ஒயரு?" என்றார். பிரீத்தி சிரித்தாள். எனக்கு வயிறு எரிந்தது. இசைக்காக எரிந்தது. அவருக்கு ஓசூரில் வேலை, இவளும் ஓசூருக்குப் போய்விடுவாள். அங்கே இவளுக்குச் சாமான் தேர்ந்தெடுத்துக் கொடுக்க யார் இருக்கிறார்கள்? ஆகவே கல்யாணம் நடக்கக்கூடாது என்று முடிவு செய்தேன். கோபத்தில் எடுத்த முடிவு இல்லை. கடையில் கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து உட்கார்ந்து யோசித்து எடுத்தது.

தாலி கட்டும்போது கெட்டிமேளம் எதற்கு? கெட்ட சத்தம் எதுவும் யார் காதிலும் விழக்கூடாது என்றுதானே. ஒற்றைத் தும்மல் கேட்டால் ஏறின பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்குத் திரும்பி வந்து தண்ணீர் குடிக்கிறவர் நீங்கள். மாப்பிள்ளையின் அம்மா உங்களுக்கும் மேல். ஆகவே எனக்குத் தேவைப்பட்டது கொஞ்சம் நிசப்தம், ஒரு தும்மல்.

மேளக்காரர் பூபதி அண்ணன் இருந்தால் நிசப்தத்துக்கு வழியில்லை. அவர் தவிலில் கை வைத்தால் பக்கத்தில் ராஜகிரி மலையே உருண்டு வந்தாலும் கேட்காது. அதனால் அவருக்குப் போன் செய்து முகூர்த்தத்தை ஆவணிக்கு மாற்றிவிட்டதாகச் சொன்னேன். அவர் உங்களைக் கூப்பிட்டுக் கேட்டிருப்பார். ஆனால் ஸ்கிரீன் கார்டு மாற்ற உங்கள் போனைக் கடையில் கொடுத்தீர்களே, அப்போதே அவர் நம்பரை பிளாக் செய்துவிட்டு, நீங்கள் சேமித்து வைத்திருந்த நம்பரில் ஓர் இலக்கத்தையும் மாற்றிவிட்டேன். ஸ்கிரீன் கார்டையும் ஒழுங்காகத்தான் ஒட்டிக் கொடுத்தேன். அவர் வேறு கல்யாணத்துக்கு வாசித்துவிட்டு இந்தப் பக்கமாக வந்து எட்டிப் பார்த்ததால்தான் இப்போது இந்த விசாரணையே.

நேற்று மேளம் வரவில்லை என்றதும் நீங்கள் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டீர்கள். நான் எதிர்பார்த்தபடியே பிரீத்தி உங்களிடம் சொன்னாள்: "டென்ஷன் ஆவாத நைனா. கெட்டிமேளத்த நானே பண்ணித் தரேன். சங்கரு பேட அமுக்குவான்." மருதாணி காயாத கையோடு உட்கார்ந்து லேப்டாப்பில் செய்துவிட்டாள். என்னிடம் தனியாக, "சவுண்ட் கார்டு எடுத்துக்கோ, ஒயர்லயே போடு. புளூடூத் வாணாம், லேட்டாவும்" என்றாள். "மணவறையில ஒயர் கெடந்தா யாராச்சும் தடுக்கி வுழுந்துருவாங்க" என்றேன். அக்கறையோடு சொன்னதால் நம்பிவிட்டாள்.

கடையில் இருந்த ஸ்பீக்கர் ஒவ்வொன்றையும் சோதித்தேன். கொஞ்ச நேரம் சும்மா விட்டால் தூங்கிப்போய், எழுப்பினால் ஆற அமர விழிக்கிற சோம்பேறி ஒன்று கிடைத்தது. தும்மலுக்கு முதலில் மிளகாய்த்தூளை முகர்ந்து பார்த்தேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது. மாமன் மகள் கல்யாணத்தில் முறைப்பையன் கண்ணீர் விட்டால் ஊர் வேறு மாதிரி பேசும். எனவே மூக்குப்பொடிக்கு மாறினேன்.

ஐயர் "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்றார். பேடை அமுக்கினேன். எதிர்பார்த்தபடியே எதுவும் வரவில்லை. மண்டபத்தில் ஃபேன் ஓடுகிற சத்தம் மட்டும். தும்மினேன். பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். ஹரிகிருஷ்ணனின் கை தாலியோடு அப்படியே நின்றது. நீங்கள் எழுந்துவிட்டீர்கள். மாப்பிள்ளையின் அம்மா நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்கினார். அந்த நொடியில் நான் சந்தோஷமாக இருந்தேன், மறைக்கவில்லை.

அப்போது பிரீத்தி தும்மினாள். ஒரே ஒரு தும்மல்.

தூக்கின கையை அந்த அம்மா அப்படியே ஆசீர்வாதமாக மாற்றினார். "ரெட்டத் தும்மலு, நல்ல சகுனம்பா. கட்டு, கட்டு" என்றார். ஸ்பீக்கர் விழித்துக்கொண்டது. கெட்டிமேளம் கொட்டியது. மிகவும் நன்றாகச் செய்திருந்தாள். எல்லோரும் அட்சதை போட்டார்கள், நானும் போட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மூக்குப்பொடி கொஞ்சம் காரம்.

மூன்று முடிச்சும் விழுகிறவரை அவள் என்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டுகிற பார்வை இல்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது. மாமா, அவள் தும்மியது பொய்த் தும்மல். உங்கள் யாருக்கும் தெரியாது, எனக்குத் தெரியும். பிரீத்தி ஒருநாளும் ஒற்றையாகத் தும்ம மாட்டாள். மூன்று வரும். முதல் இரண்டும் சின்னது. மூன்றாவதைப் பாதியில் விழுங்கிவிட்டு, மூக்கைத் தேய்த்துக்கொண்டு, யாரும் இல்லாத பக்கம் பார்த்து "சனியனே" என்பாள். செஞ்சிக் கோட்டையின் பழைய தானியக் களஞ்சியத்தில் எதிரொலி பதிவு செய்யப் போனபோது, தூசியில் அவள் அப்படித் தும்மியது எதிரொலியோடு என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

முறைப்பையன் ஆசைப்பட்டுச் செய்துவிட்டான் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். அப்படி எதுவும் இல்லை. அந்தத் தும்மலைத் தினமும் கடை திறந்ததும் ஒருமுறை போட்டுக் கேட்பேன், ஸ்பீக்கர் வேலை செய்கிறதா என்று பார்க்க.