உடையாத கண்ணாடி

உங்கள் கண்ணாடி மூக்கில் இறங்கி இறங்கி வருகிறது, சார். ஃபிரேமின் காதுப்பக்கம் கொஞ்சம் இளகிவிட்டது, அவ்வளவுதான். கண்ணாடிக்கடை வைத்திருப்பவளுக்கு ஆளைவிட முதலில் அதுதான் கண்ணில் படும், தப்பாக நினைக்காதீர்கள்.

என் கணவருக்குக் குற்றம் கண்டுபிடிப்பதில் தனி ருசி. வீட்டுக்குள் நுழைந்ததும் ஜன்னல் விளிம்பில் விரலை ஓட்டுவார். மாடியிலிருந்து இறங்கும்போது ஒவ்வொரு படியாகத் தூசி தேடுவார். என் முகத்தில் புதிதாக ஒரு சுருக்கம் விழுந்தால் எனக்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிடும், சாப்பிடும்போது சொல்லுவார். எனக்கு வெறுத்துப்போனது.

ஒருநாள் அவருடைய பவரில் ஒரு துளி குறைத்துக் கண்ணாடி போட்டுக்கொடுத்தேன். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, வீட்டில் கொஞ்சம் அமைதி வேண்டும் என்றுதான். தூசி போன இடம் தெரியவில்லை. ஒரு சாயங்காலம் என்னை நிமிர்ந்து பார்த்து, "நீ இவ்ளோ அழகா இருக்கியே, நான் கவனிக்கவே இல்லையே" என்றார். சமையலறைக்குப் போய் அழுதேன், சார். எங்கள் கல்யாண வாழ்க்கையே அப்போதுதான் தொடங்கியது.

அது அவருக்குப் பொறுக்கவில்லை. "கண்ணு மங்குற மாதிரி இருக்கு. வேற கடையில காட்டிட்டு வரேன்" என்றார். சொந்தப் பெண்டாட்டி கடை வைத்திருக்கும்போது வேறு கடை. அவமானமாக இருந்தது. அதைவிட, பழைய கண்களோடு அவர் திரும்பி வந்துவிடுவாரே என்றிருந்தது. "எதுக்கு அலையணும், நானே புதுசா போட்டுத் தரேன்" என்றேன். இந்த முறை தாராளமாகவே மாற்றினேன். தரை சாய்ந்து தெரியும். படி இருக்கிற இடத்தில் இருக்காது. மாடியில் வைத்துத்தான் மாட்டிவிட்டேன். "பழகுற வரைக்கும் பாத்து இறங்குங்க" என்றும் சொன்னேன். எச்சரிக்கவில்லை என்று யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது.

விழுந்தார், போய்ச் சேர்ந்தார். கால் தவறியது என்று நீங்களே எழுதி வழக்கை முடித்துவிட்டீர்கள். மாமியார்தான் விடவில்லை. எங்கள் வீட்டிலேயே வந்து தங்கிக்கொண்டு, "படிப்படியா தூசி தேடி இறங்குறவன் படியத் தவறவிடுவானா" என்று ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கினார். நானும் துணைக்குப் போனேன், வெயிலில் குடை பிடித்தேன். படிக்கு மெழுகு போட்டவரைச் சந்தேகப்பட்டார். எனக்கும் சந்தேகமாகத்தான் இருக்கிறது என்றேன்.

மகனின் கண்ணாடியைப் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். துடைத்துவைக்கிறேன் என்றால்கூடத் தரமாட்டார். அதில் ஒரு கீறல் இல்லை. மட்டமான சரக்காக இருந்தால் அன்றே நொறுங்கியிருக்கும். புருஷனுக்குப் போய் மட்டமானதைப் போட எனக்கு மனசு வரவில்லை. போன வாரம் மாமியாருடைய கண்ணாடி கைதவறி விழுந்து உடைந்தது. அது மட்டமான சரக்குதான், ஒப்புக்கொள்கிறேன். அம்மாவுக்கும் மகனுக்கும் ஒரே பவர். மகனுடையதை எடுத்து மாட்டிக்கொண்டு மேல்படியில் வந்து நின்றார். இறங்கவில்லை. கைப்பிடியை இறுகப் பிடித்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அம்மாடி, இத மாட்டிக்கிட்டா என் புள்ள இறங்குனான்?"

கத்தவில்லை, அழவில்லை. நேராக அந்த வேறு கடைக்குப் போனார். அங்கிருந்து உங்களிடம் வந்தார்.

ஆமாம், நான்தான் செய்தேன். விழுவார் என்று தெரிந்தேதான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள்: என் கணவர் பொய் சொல்லி எனக்குத் தெரியாது. அந்தச் சாயங்காலம் அவர் சொன்னதும் உண்மைதான்.

கண்ணாடியைக் கழற்றிக் கொடுங்கள் சார், காதுப்பக்கத்தைச் சரிசெய்து தருகிறேன். இப்போது என்னைப் பாருங்கள். அழகாகத்தானே இருக்கிறேன்?