மாப்பிள்ளை விழுந்த காட்சி

மெத்தை தூக்குகிறவனுக்கு முதலில் போவது இடுப்புதான், சார். அதனால் கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறேன், மரியாதை தெரியாதவன் என்று நினைக்க வேண்டாம். சண்டைப் படங்களில் ஆட்கள் மேலிருந்து விழுவார்கள் இல்லையா, அவர்களுக்குக் கீழே மெத்தை போடுவது என் தொழில். தரையின் நிறத்தில் ஒரு துணியைப் போர்த்தி, கேமராவுக்குத் தெரியாமல் ஒளித்து வைக்க வேண்டும். நன்றாகப் போட்டால் அப்படி ஒருவன் அங்கே இருந்ததே யாருக்கும் தெரியாது. இத்தனை வருஷத்தில் எந்தப் படத்திலும் என் பெயர் வந்ததில்லை. அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

விழுகிறவர் என் தங்கச்சி வீட்டுக்காரர். ஹீரோவுக்கு டூப். நான் பார்த்து முடித்து வைத்த சம்பந்தம்தான். தங்கமான மனிதர், சம்பளத்தை அப்படியே தங்கச்சி கையில் கொடுத்துவிடுவார். டூப் போடுகிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. விழுவதற்கு முன் கீழே பார்க்க மாட்டார்கள். பார்த்துவிட்டால் உடம்பு தானாக மெத்தையைத் தேடும், திரையில் அது காட்டிக்கொடுத்துவிடும். அதனால் மெத்தைக்காரனைக் கேட்பார்கள். "மச்சான், சரியா?" என்பார். "சரி, மாப்பிள்ளை" என்பேன். பின்பக்கமாகச் சாய்ந்துவிடுவார். எங்களுக்குள் அவ்வளவுதான் பேச்சு, வீட்டில்கூட அதற்கு மேல் பேசிக்கொண்டதில்லை.

இந்தப் படத்தின் முதல் பாகத்தை எடுத்தபோது நடந்தது நிஜமாகவே விபத்து. காட்சிக்காகத் தரையில் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். மெத்தை வழுக்கி நகர்ந்துவிட்டது, மாப்பிள்ளையின் தோள் வெறும் தரையில் போய் மோதியது. எலும்பு முறிந்த பிறகும் எழுந்து நின்று, அடுத்த உதையையும் வாங்கிக்கொண்டுதான் உட்கார்ந்தார். ஆஸ்பத்திரியில் தங்கச்சி காலில் நான் விழாத குறை. மாப்பிள்ளைதான் சிரித்தார். "விடுங்க மச்சான், இன்னொரு தோள் இருக்குல்ல" என்றார்.

படம் வந்ததும் தியேட்டரில் பார்த்தேன். ஹீரோ ஊரையே அடிக்கிறார், தலைமுடி கலையவில்லை. எனக்குப் பக்கத்தில் இருந்தவன் போனை நோண்டிக்கொண்டிருந்தான். மாப்பிள்ளை விழுந்த காட்சி வந்தது. அவன் போனை மடியில் வைத்துவிட்டான். அரங்கம் முழுக்க மூச்சு விடும் சத்தம்கூட இல்லை, அப்புறம் கூரை பிய்ந்துபோகிற மாதிரி விசில். அடுத்த ஆட்டத்துக்கும் டிக்கெட் எடுத்து உட்கார்ந்தேன். அதே இடத்தில் அதே அமைதி. ஹீரோ செய்தது இல்லை அது, சண்டை மாஸ்டர் செய்ததும் இல்லை. மெத்தை நகர்ந்ததால் வந்தது. அந்த மெத்தை என்னுடையது. எனக்கு அது இனித்தது, சார். மறைக்காமல் சொல்கிறேன்.

இரண்டாம் பாகத்துக்கு ஜனங்கள் எதற்கு வருகிறார்கள்? யார் ஜெயிப்பார் என்று பார்க்க இல்லை, அது குழந்தைக்குக்கூடத் தெரியும். போன தடவை ஓர் இடத்தில் நிஜமாக ஏதோ ஒன்று நடந்தது, அது மறுபடி கிடைக்குமா என்றுதான் வருகிறார்கள். பாவம், வேலை செய்கிற இடத்தில் நாள் முழுக்கத் திட்டு வாங்கிக்கொண்டு, அடி வாங்கியும் எழுந்து நிற்கிற ஒருவனைப் பார்க்க வருகிறார்கள். அவன் பஞ்சு மெத்தையில் விழுந்து எழுந்தால் அவர்களுக்கு என்ன கிடைக்கும்? ஏமாற்றக் கூடாது என்பது என் எண்ணம்.

ஒரு பழைய ஆலை மாதிரி செட் போட்டிருந்தார்கள். இரும்புப் படிக்கட்டின் மேல்தட்டிலிருந்து மாப்பிள்ளை மல்லாக்க விழ வேண்டும். காலையிலிருந்து திரும்பத் திரும்ப எடுத்தார்கள். ஒவ்வொரு தடவையும் அழகாக விழுந்தார். மாஸ்டர் மானிட்டரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். உதவியாளரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "எல்லாம் சுத்தமா இருக்கு, அதான் பிரச்சினையே. கீழ மெத்தை இருக்குன்னு அவன் உடம்புக்குத் தெரியுது." சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அவர் வாய்க்கு வந்ததைச் சொல்கிற ஆள், அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை.

நான் மெத்தையை எடுத்துவிடவில்லை. அதைத் தெளிவாகக் குறித்துக்கொள்ளுங்கள். சுவர்ப் பக்கமாகத் தள்ளினேன், ஓர் ஆள் படுக்கிற அகலம் இருக்கும். துணியைப் பழைய இடத்திலேயே விரித்தேன். உப்பலாகத் தெரிய அடியில் காகிதத்தைக் கசக்கி வைத்தேன். இந்தத் தடவையும் தோள் எலும்புதான் போகும் என்று நினைத்தேன். அது கூடிவிடுகிற எலும்பு. கொஞ்ச நாள் வீட்டில் ஓய்வாக இருப்பார், தங்கச்சிக்கும் சந்தோஷமாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

எல்லோரும் அவரவர் இடத்துக்கு வந்தார்கள். மாப்பிள்ளை கைப்பிடிக் கம்பியில் முதுகைச் சாய்த்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"மச்சான், சரியா?"

"சரி, மாப்பிள்ளை."

என் குரல் மாறவே இல்லை. எனக்கே அது கொஞ்சம் ஆச்சரியம். அவர் சாய்ந்தார். கழுத்துதான் முதலில் பட்டது. மாஸ்டர் 'கட்' சொல்லக் கொஞ்சம் நேரமானது, காட்சி அவ்வளவு நன்றாக வந்திருந்தது. எல்லோரும் விழுந்தடித்துக்கொண்டு ஓடி வந்த கூச்சலில் நான் மெத்தையைக் காலால் கொஞ்சம் கோணலாக இழுத்துவிட்டேன். வழுக்கிவிட்டது என்று எல்லோரும் அவர்களாகவே முடிவுக்கு வந்தார்கள். நீங்களும் எஃப்.ஐ.ஆரில் அப்படித்தான் எழுதினீர்கள்.

கழுத்துக்குக் கீழே அவருக்கு எதுவும் அசையாது. தினமும் போகிறேன். முகம் மழித்துவிடுகிறேன், புண் வராமல் இருக்கப் புரட்டிப் படுக்க வைக்கிறேன், கஞ்சி ஊட்டுகிறேன். வருகிறவர்களிடமெல்லாம், "மச்சான் மேல எந்தத் தப்பும் இல்ல, யாரும் அவரை ஒண்ணும் சொல்லிடாதீங்க" என்கிறார். தங்கச்சி என் கையைப் பிடித்துக்கொண்டு, நீ இல்லையென்றால் நாங்கள் என்ன ஆகியிருப்போம் என்று அழுகிறாள். எனக்கு அழுகை வருவதில்லை. ஊட்டுகிற நேரத்தில் கரண்டியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

எடிட்டிங் அறையில் அந்தக் காட்சியைப் பார்த்தேன். மாப்பிள்ளையின் முகத்தைக் கம்ப்யூட்டரில் ஹீரோ முகமாக மாற்றியிருக்கிறார்கள். விழுந்த பிறகு உடம்பு அசையவில்லை. கண் மட்டும் ஒரு பக்கமாக நகர்கிறது. நான் நின்றிருந்த பக்கம். அதை மட்டும் அவர்களால் மாற்ற முடியவில்லை. எடிட்டர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்து வெளியே போய்விட்டார். நான் உட்கார்ந்து இன்னொரு தடவை போட்டுப் பார்த்தேன். இப்படி ஒரு காட்சியை நான் என் வாழ்க்கையில் பார்த்ததில்லை, சார்.

முந்தாநாள் இயக்குநர் மாப்பிள்ளையைப் பார்க்க வீட்டுக்கு வந்தார். தங்கச்சி அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். "அந்தக் காட்சியப் படத்துலேர்ந்து எடுத்துடுங்க சார். எங்க பிள்ளைங்க என்னைக்காவது பாத்துடும்" என்றாள். அவர் நல்ல மனிதர், கண் கலங்கிவிட்டார். "ஒரு விபத்த என் படத்துல வைக்க மாட்டேம்மா" என்று வாக்குக் கொடுத்தார். அதற்குப் பதிலாக ஷூட்டிங் அன்று காலையில் எடுத்த சுத்தமான காட்சி ஒன்றைச் சேர்க்கப் போகிறார்களாம். வெள்ளிக்கிழமை படம் வெளியாகிறது. காசு கொடுத்து வருகிற ஜனங்களுக்கு மெத்தையில் விழுகிற ஆளைக் காட்டப் போகிறார்கள்.

மனசாட்சி உறுத்தி வந்திருக்கிறேன் என்று நினைத்து எனக்கு டீ வரவழைத்தீர்கள். நல்லது. ஆனால் நான் வந்தது இதற்காகத்தான். விபத்து என்று ஆகிவிட்டால் அதை யாருமே செய்யவில்லை என்று அர்த்தம். நான் செய்தேன். மெத்தையைத் தள்ளியது நான், காகிதம் வைத்தது நான், சரி என்று சொன்னதும் நான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். எழுதி முடித்ததும் இயக்குநருக்கு ஒரு போன் போட்டு, அது விபத்து இல்லையாம் என்று சொல்லிவிடுங்கள். விபத்தைத்தானே படத்தில் வைக்க மாட்டேன் என்றார்.

வருத்தமாக இல்லையா என்று கேட்டீர்கள். இருக்கிறது, சார். நான் நேற்றே வந்திருக்க வேண்டும். இந்நேரம் அந்தக் காட்சியை வெட்டியிருந்தாலும் வெட்டியிருப்பார்கள்.