காய்ந்த சந்துக்குக் கிடைத்த மதிப்பெண்

இந்த அவைக்குத் தலைமையேற்று, முப்பது ஆண்டாக எங்கள் சந்தின் நல்லது கெட்டதுக்கெல்லாம் முன்னே நிற்கும் பெரியவர் செல்லதுரை அவர்களே, மேடையை அணிசெய்யும் சான்றோர்களே, விடியுமுன் தோப்பும்படி துறைமுகத்துக்கு மீன் வேலைக்கு ஓடி, வீடு திரும்பி உலை இறக்கிவிட்டு வந்து அமர்ந்திருக்கும் என் தாய்மார்களே, கலூரிலும் காக்கநாட்டிலும் கட்டடம் கட்டிக் களைத்து வந்த தோழர்களே, எங்கள் மொழி தெரியாவிட்டாலும் எங்கள் துயரம் தெரிந்து வந்த மலையாளச் சேட்டன்மாரே, உங்கள் எல்லோருக்கும் இந்தக் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளன், சென்ட்ரிங் வேலைக்காரன் ஆனந்தகுமாரின் கைகூப்பிய வணக்கம்.

வாழ்த்திப் பேச நான் வரவில்லை. ஒரு தவற்றை ஒப்புக்கொள்ள வந்திருக்கிறேன்.

நம் சந்தில் கழிவுநீர் ஓடை கட்டினார்கள். ஒன்பது மாத வேலை, எட்டரை மாதத்தில் முடிந்தது. கம்பி நல்ல கம்பி, கலவை நல்ல கலவை. இந்தத் தொழிலில் இருப்பவன் நான், சுத்தியலால் தட்டிப் பார்த்தே சொல்கிறேன். அரசு ஒப்பந்த வேலை எவ்வளவு திறமையாக நடந்தது என்று அளக்க மதிப்பீட்டுக் குழுவும் வந்தது. காலத்துக்கு ஒரு மதிப்பெண், செலவுக்கு ஒரு மதிப்பெண், தரத்துக்கு ஒரு மதிப்பெண், மக்கள் பெற்ற பயனுக்கு ஒரு மதிப்பெண். கூட்டினால் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று.

தொண்ணூற்றொன்று. நம் பிள்ளைகள் வாங்கினால் தெருவுக்கே மிட்டாய் கொடுப்போம். ஆனால் கடலேற்றத்தில் காயல் தண்ணீர் சந்துக்குள் ஏறும் காலை நேரத்தில் அந்தத் தொண்ணூற்றொன்று எங்கே போகிறது? அழுக்கை வெளியே கொண்டுபோகக் கட்டிய ஓடை, காயலை உள்ளே கொண்டுவருகிறதே, அது எந்தக் கணக்கில் சேரும்? ஓடையின் வாயில் ஒரு கதவு இல்லை. ஏற்றம் வந்தால் தடுக்க ஆளில்லை. ஓடை கட்டுமுன் கணுக்கால் வரை நின்ற தண்ணீர் இன்று முழங்காலைத் தொடுகிறது.

அப்படியானால் குழுவின் கண்ணில் ஏன் படவில்லை? நான்தான் படவிடவில்லை.

ஆள் வருகிறார்கள் என்றால் வாசலைத் துடைத்து வைப்பது நம் வழக்கம். காயல் இறங்கிய பிறகு, பதினொரு மணிக்கு வரச் சொன்னேன். காலையிலேயே வாளி வாளியாக இறைத்தோம். பிளீச்சிங் பவுடர் தூவினோம். கோலம் போட்டோம். யூசுப் காக்கா கடையிலிருந்து சாயாவும் பழம்பொரியும் வந்தன. அன்றைக்கு அங்கம்மாள் அக்கா ஒருவர்தான் கேட்டார்.

“தம்பி, வெள்ளம் ஏறுத சமயத்துல அவங்கள வரச் சொல்லலாம்லா? இதை எதுக்குத் துடைக்கணும்?”

“வந்தவங்க முன்னால நம்ம சந்து நாறக் கூடாதுக்கா. மானம் போயிரும்” என்றேன்.

அவர் குனிந்து துடைத்தார். குழுவில் ஒருவர் என்னிடம், “இவிட வெள்ளம் நிக்குமோ?” என்று கேட்டார். “ஏய், ஒண்ணுமில்ல சாரே” என்று சிரித்துக்கொண்டே அவர்கள் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன்.

அங்கம்மாள் அக்காவின் கணவர் காளி அண்ணனை உங்களுக்குத் தெரியும். சாரத்திலிருந்து விழுந்து மூன்று வருடமாகப் படுக்கையில் கிடக்கிறார். நான் கையெழுத்துப் போட்ட இரண்டாவது வாரம், அமாவாசைக் காலையில் தண்ணீர் அவர் கட்டிலைத் தொட்டது. முதுகுப் புண்ணில் அந்த அழுக்கு நீர் பட்டது. பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரி. இன்னொரு முறை பட்டால் உயிருக்கு உறுதி சொல்ல முடியாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். என் மானத்தைக் காப்பாற்ற ஒரு மனிதரின் முதுகை விலையாகக் கொடுத்தேன். வெட்கமாக இருக்கிறது.

பின்னாலிருந்து என்ன கேட்கிறீர்கள் தம்பி? ஒப்பந்தக்காரரைப் போய்க் கேட்கச் சொல்கிறீர்களா? அவர் வரைபடத்தில் இருந்ததைக் கட்டினார். வரைபடத்தில் கதவில்லை. கதவு வேண்டும் என்று எழுத வேண்டிய இடத்தில் ‘குறையொன்றுமில்லை’ என்று எழுதியவன் இதோ நிற்கிறேன்.

வருகிற வெள்ளிக்கிழமை கடைசி ஆய்வு. மதிப்பெண்ணைத் திருத்த அன்று ஒருநாள்தான்; அதோடு கோப்பை மூடுவார்கள். மூடிய கோப்பை எந்தக் காயல் ஏற்றமும் திறக்காது. அதனால் அந்த ஆய்வுக்கு வரும் பொறியாளர் விபின் சாரைப் பார்த்து உண்மையைச் சொன்னேன். என் கையெழுத்து இருந்த தாளை எடுத்துப் பார்த்தார். பிறகு, “சேட்டன் நேரம் சொன்னா மதி, ஞான் வராம்” என்றார்; நேரத்தைச் சொன்னால் போதும், வருகிறேன் என்று. காலை ஆறரை என்றேன். அது காயல் ஏறி நிற்கும் நேரம்.

தாய்மார்களே, அன்றைக்குத் துடைப்பம் எடுக்காதீர்கள். வாளி எடுக்காதீர்கள். கோலப்பொடி எடுக்காதீர்கள். கட்டி முடித்த நாளை மட்டும் அளந்தவர்கள், நாம் வாழ்ந்து கழிக்கும் நாளையும் அளக்கட்டும்.

சொல்லுங்க அங்கம்மாள் அக்கா. மைக் வேண்டாம், கேட்கிறது.

“அப்போ அன்னைக்கு அவரை அந்த வெள்ளத்துலயே கெடத்தி வைக்கணுமா தம்பி?”

கேட்டீர்களா அவையோரே? நாம் மறைத்தாலும் அவர்களுக்குத்தான் வலி, காட்டினாலும் அவர்களுக்குத்தான் வலியா?

இல்லை அக்கா. வியாழன் மாலையே காளி அண்ணன் என் வீட்டு மாடிக்கு வருகிறார். நானும் யூசுப் காக்காவும் தூக்குகிறோம். காலிக் கட்டில் மட்டும் உங்கள் வீட்டில் கிடக்கட்டும். விபின் சார் அந்தக் கட்டிலில் உட்கார்ந்து படிவத்தை நிரப்பட்டும். பயன் என்ற கட்டத்துக்கு வரும்போது, தண்ணீர் தன் காலில் எதுவரை ஏறியிருக்கிறது என்று குனிந்து பார்த்துவிட்டு மதிப்பெண் போடட்டும்.

என் தவற்றைப் பொறுமையோடு கேட்ட தலைவருக்கும், கேள்வி கேட்ட அக்காவுக்கும், அமர்ந்திருந்த உங்கள் எல்லோருக்கும் தலைதாழ்ந்த நன்றி. வெள்ளிக்கிழமை ஆறரை மணிக்கு அவரவர் நனைந்த வாசலில் நில்லுங்கள். வணக்கம்.